ஜோடி இல்லாத சிறகு

சின்னுவின் மூக்குக்கண்ணாடி மேல் அவள் கணவர் உட்கார்ந்தது ஒரு புதன்கிழமை காலையில். வேண்டுமென்றே யாரும் அப்படி உட்காரமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சோபாவிலிருந்து 'நறுக்'கென்று ஒரு சத்தம் கேட்டதும், ஈரத் தலையோடு ஓடிவந்து கத்தினாள்.

"உக்கார்றதுக்கு முன்னாடி கீழ பாக்க மாட்டீங்களா?"

"கண்ணாடிய மேசை மேல வைக்கணும். சோபா என்ன மேசையா?"

"தப்பு என் மேலயா இப்ப?"

மாமியார் உடைந்த கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அடிபட்டது எதுவானாலும் முதலில் கையில் எடுத்துப் பார்த்துவிடுவது பழக்கம். "ரெண்டு கண்ணும் போச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதை மேசை மேல் வைத்தார்.

சின்னுவுக்குப் பார்வை மைனஸ் நாலரை. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் வருவது மாமியாரா, கதவில் தொங்கும் துண்டா என்று யோசித்துத்தான் பேச வேண்டும். புதுக் கண்ணாடி வர நாலைந்து நாளாகும் என்று கடைக்காரர் போனில் சொல்லிவிட்டார்.

"லீவு போட்டுடு," என்றார் கணவர், குற்ற உணர்ச்சியோடு.

"இன்னிக்கு முடியாது. இன்னிக்குத்தான் என் சிறகோட கணக்க மூடப் போறாங்க."

அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியின் வேலையில் பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவார். அன்றைக்குத் தலையாட்டிவிட்டு, பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டுபோய் அலுவலகத்தில் இறக்கிவிட்டார். மூன்றாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றீங்க."

"இது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஏறு."

முதல் மாடியில் ஒரு பல் மருத்துவமனை இருந்தது. அதன் துளையிடும் சத்தத்தை வைத்தே அவள் மாடியைக் கணக்குப் போட்டு ஏறினாள்.

மூன்றாவது மாடியில் நடந்த வேலை வானத்தைக் கணக்கெடுப்பது. அங்கே தொலைநோக்கி என்று சொல்லும்படியாக ஒன்றும் கிடையாது. அது ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் பரந்து கிடந்தது. கண்ணாடியோ குழாயோ இல்லை, ஆயிரக்கணக்கான ஆன்டெனாக்கள்தான். துணி கழற்றிய குடைக்கம்பிகளை வரிசையாக நட்டுவைத்த மாதிரி இருக்கும். வண்டியில் பாட்டுக் கேட்கிறோமே, அந்த எஃப்.எம். அலைவரிசைக்கு அக்கம்பக்கத்திலும் அதற்குக் கீழேயும் வானத்திலிருந்து என்ன வந்தாலும் அவை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டர்கள் அதையெல்லாம் கலந்து கட்டிப் படமாக்கும். அந்தப் படத்தில் தெரியும் புள்ளிகளில் ஏறக்குறைய எல்லாமே வெகுதூரத்து விண்மீன் மண்டலங்கள். நம்முடைய பால்வீதியைப் போல ஒவ்வொன்றும் ஒரு பெரிய ஊர்.

அவற்றில் சில சும்மா இருப்பதில்லை. நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் பீய்ச்சியடிக்கும். பீய்ச்சியது இரு முனையிலும் போய்க் குவிந்து இரண்டு சிறகு விரித்த மாதிரி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, ஆன்டெனாவுக்குத் தெரியும். சிக்கல் என்னவென்றால், புள்ளிகளை எண்ணும் புரோகிராமுக்கு இது புரியாது. இடது சிறகு ஒன்று, வலது சிறகு ஒன்று என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு போய்விடும். எது எதோடு சேரும் என்பதை மனிதர்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சின்னுவின் வேலை அதுதான். அலுவலகத்தில் அதற்கு ஜோடி சேர்க்கிற வேலை என்று பெயர்.

சின்னு என்பது அலுவலகம் வைத்த பெயர் இல்லை. வீட்டில் ஐந்தாவதாகப் பிறந்ததால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய மூத்த அக்கா அலுவலகத்துக்குப் போன் போட்டு "சின்னு இருக்காளா?" என்று கேட்டுவைக்க, அதோடு நிலைத்துவிட்டது.

அவளிடம் கொஞ்ச நாளாக ஒரு சிறகு இருந்தது. நல்ல பெரிய சிறகு, பளிச்சென்று ஒரு பக்கம் விரிந்திருந்தது. அதற்கு ஜோடியைத்தான் காணோம். சுற்றுவட்டாரத்தில் தேடாத இடம் இல்லை. ஜோடி கிடைக்காததை 'தனி' என்று எழுதி மூடிவிடுவதுதான் வழக்கம். அந்தச் சிறகு இருந்த வானப் பட்டையின் கணக்கை மூடும் கூட்டம் அன்றைக்குத்தான்.

கூட்ட அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சுவரில் படங்களைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவன் தாடி. அவன் தாடியை எடுத்து வெகுகாலமாயிற்று. முகம் மழமழவென்று இருந்தாலும் பெயர் மட்டும் முளைத்தபடியே இருந்தது. சின்னுவும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் உடனே ஒத்துக்கொண்டதாக யாரும் பார்த்ததில்லை.

"அடுத்தது நம்ம சின்னுவோட ஒத்தச் சிறகு," என்றான் தாடி. "எல்லாரும் பாத்தாச்சு. ஜோடி இல்ல. தனின்னு போட்டுடலாமா?"

சின்னு பின்வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் இருந்த படம் அவளுக்கு வெறும் சாம்பல் மங்கல். தன் சிறகு மட்டும் மேலே வலப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண், கீழே இடது மூலைக்குப் போயிற்று. அங்கேயும் ஏதோ இருந்தது. ரொம்ப லேசாக, கண்ணாடியில் மூச்சுவிட்ட ஈரம் போல.

"தாடி, அந்தக் கீழ் மூலைல என்ன?"

"எங்க?"

அவள் எழுந்துபோய்ச் சுட்டிக் காட்டினாள். கிட்டப் போனதும் அது மறைந்துவிட்டது. வெறும் புள்ளியும், படத்து இரைச்சல் என்று அவர்கள் சொல்லும் பொரிப்பொரியான மணலும்தான். பழைய இடத்துக்கு வந்து திரும்பினாள். இருந்தது. மறுபடி கிட்டே போனாள். இல்லை.

"கண்ணாடி போட்டா எனக்கும் தெரியுமோ?" என்றான் தாடி, தன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"போடாததாலதான் எனக்குத் தெரியுது."

அறையே சிரித்தது. "கண்ணாடி இல்லாதவளுக்கு எல்லாமே மேகம்தான்," என்று யாரோ சொன்னார்கள். சின்னுவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உட்காரவில்லை.

குழுவுக்குத் தலைமையான மேடம் மட்டும் சிரிக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிச் சுவரைப் பார்த்தார். அவருடையது படிக்கிற கண்ணாடி, கழற்றினால் தூரத்துச் சுவர் இன்னும் நன்றாகத்தான் தெரியும். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியல. ஆனா இப்ப மூட வேணாம். இது இருக்கா இல்லையான்னு ரெண்டு பேரும் சேந்து பாருங்க. இல்லேன்னா இல்லன்னு தெளிவா வந்து சொல்லுங்க."

மறுநாள் தாடி ஒரு பரீட்சை வைத்தான். அதே படத்தைத் தலைகீழாக்கி, பக்கவாட்டில் திருப்பி, இடம் மாற்றி, நடுநடுவே வானத்தின் வேறு வெற்றிடங்களையும் கலந்து ஒவ்வொன்றாகச் சுவரில் போட்டான். எது எதுவென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். சின்னு பின்வரிசையில் இருந்தபடி சொல்ல வேண்டும்.

"இதுல மேல் மூலைல இருக்கு. இதுல இல்ல. இதுல வலப்பக்கம், நடுவுல. இதுல இல்ல."

திருப்பிப் போட்ட அத்தனை படங்களிலும் மேகத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். தாடியின் முகத்தில் இருந்த கிண்டல் மெல்ல மெல்லக் கரைந்தது. கடைசிக்கு முந்தின படத்தைப் போட்டான்.

"இதுல கீழ. கொஞ்சம் சின்னதா."

"அடிச்சுச் சொல்றியா?"

"அடிச்சுச் சொல்றேன்."

"மாட்டினியா! இது வெறும் வானம். உன் மேகம் இதுல இல்லவே இல்ல."

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அவள் காட்டிய இடத்தில் ஐந்தாறு மங்கலான புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. எல்லாம் வேறு வேறு தூரத்தில் இருப்பவை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. கண்ணாடி இல்லாத கண்ணில் அவை கலந்து ஒரே மேகமாகிவிட்டன.

சின்னுவின் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்துபோய் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளே வாயைத் திறந்தாள்.

"அப்ப என் மேகமும் இப்படிப் புள்ளிங்க கலந்ததா இருக்கலாம்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"நீ சொல்லல, நான்தான் சொன்னேன். அப்ப புள்ளிங்கள எடுத்துடுவோம். ஒவ்வொண்ணா கழிச்சுட்டு, மிச்சத்தக் கம்ப்யூட்டர விட்டே மங்கலாக்கிப் பாப்போம். என் கண்ணும் வேணாம், உன் கண்ணும் வேணாம்."

தாடி தலையைச் சொறிந்தான். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். அவள் சொன்னபடி செய்வது அவனுக்குப் பிடிக்காத விஷயம்.

புள்ளிகளைக் கழிப்பது லேசான காரியமில்லை. ஒரு புள்ளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கழித்துவிட்டால் அந்த இடத்தில் குழி விழும். குறைவாகக் கழித்தால் மிச்சம் நின்று பொய் மேகம் காட்டும். சின்னு முகத்தைத் திரையில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்த்தாள். தாடி அவள் செய்ததையெல்லாம் இன்னொரு தரம் சரிபார்த்தான். கீழே பல் மருத்துவமனையின் சத்தம் அடங்கியபோதுதான் கணக்கு ஓடி முடிந்தது.

முதலில் பரீட்சைப் படம் வந்தது. அவள் அடித்துச் சொன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு மற்றது வந்தது.

மேகம் இருந்தது.

புள்ளியெல்லாம் போன பிறகும், வழித்தெடுத்த தட்டில் எண்ணெய்ப் படலம் நிற்பது போல அது நின்றது. மேலே பளிச்சென்று அவளுடைய சிறகு, வெகுதூரம் தள்ளிக் கீழே இந்தப் படலம்.

"இது இவ்வளவு தள்ளி இருக்கே," என்றான் தாடி. குரல் தாழ்ந்திருந்தது. "இது ரெண்டும் ஒண்ணுன்னா..."

"ஒண்ணுன்னு நான் இன்னும் சொல்லல," என்றாள் சின்னு. ஆனால் அதற்குள் மேடத்தைக் கூப்பிட எழுந்துவிட்டாள்.

மேடம் அவ்வளவு சீக்கிரம் பிடிகொடுக்கவில்லை. "நம்ம பால்வீதியோட புகையா இருக்கலாம். பக்கத்துல இருக்கிற பெரிய புள்ளியோட நிழலா இருக்கலாம். இது நெஜமாவே பழைய சிறகுன்னா, இன்னும் கீழ் அலைவரிசைல பளிச்சுனு தெரியணும். அதுல பாத்தீங்களா?"

அது நியாயமான கேள்வி. சிறகுக்குப் புதிதாக வரத்து நின்றுபோனால், அதிலுள்ள துகள்கள் சோர்ந்துபோகும். முதலில் உயர்ந்த அலைவரிசைகளில் அடங்கும். கடைசிவரை முனகிக்கொண்டிருப்பது அடிமட்டத்தில்தான். அந்த அடிமட்டத்தைக் கேட்க வெட்டவெளியில் தனியாக ஓர் ஆன்டெனாக் கூட்டம் இருந்தது. அதற்கு நேரம் ஒதுக்குகிறவரிடம் சின்னு போனில் பேசினாள்.

"பகல்ல ஒரு இடம் காலியா இருக்கு," என்றார் அவர். "பகல்னா யாரும் வாங்க மாட்டாங்க. சூரியன் படுத்தும்."

"பரவாயில்ல, குடுங்க."

"அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அவர் சொன்னபடியே ஆயிற்று. அன்றைக்குப் பார்த்துச் சூரியன் கொந்தளித்தது. பூமிக்கு மேலே மின்னேறிய காற்று அடுக்கு ஒன்று இருக்கிறது. அது கலங்கினால், நீச்சல்குளத்தின் அடியில் கிடக்கும் காசைப் பார்க்கிற கதைதான். படத்தில் ஒவ்வொரு புள்ளியும் நெளிந்தது. சின்னு மறுபடி போன் செய்தாள்.

"அழத்தான் கூப்பிடறேன்."

அவர் சிரித்துவிட்டார். யாரோ விட்டுக்கொடுத்த இன்னோர் இடத்தைக் கொடுத்தார். அதற்குள் அவளுக்குப் புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது. தடித்த சட்டம், யார் உட்கார்ந்தாலும் தாங்கும் என்று கணவரே பொறுக்கியது.

இரண்டாவது தடவை சூரியன் அமைதியாக இருந்தது. படம் வந்ததும் தாடிதான் முதலில் பார்த்தான். பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான்.

மேகம் இப்போது மங்கல் இல்லை. அதற்கு வடிவம் இருந்தது, ஓரம் இருந்தது. அதைவிடப் பெரிய அதிசயம், அதிலிருந்து ஒரு மெல்லிய இழை கிளம்பி மேலே சிறகை நோக்கிப் போயிற்று. வழியில் கொஞ்சம் வளைந்தது.

"வளைவு எங்க வருது பாரு," என்றாள் சின்னு.

சிறகுக்கும் மேகத்துக்கும் நடுவில் தெரிந்த ஒரு குண்டு விண்மீன் மண்டலம்தான் இரண்டையும் பீய்ச்சிய தாய் என்று இருவருமே மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். இழை அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் போயிற்று. அது போய்த் தொட்ட இடத்தில், சாதாரண வானப் படத்தில் யாரும் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு குட்டிச் சிவப்புப் புள்ளி இருந்தது.

"இதுவா? இத்தனூண்டா?" என்றான் தாடி.

"தூரத்துல இருந்தா இத்தனூண்டாத்தான் தெரியும்."

எவ்வளவு தூரம் என்பதை ரேடியோவால் சொல்ல முடியாது. மேடத்தின் சிநேகிதி ஒருவர் பெரிய கண்ணாடித் தொலைநோக்கியில் வேலை பார்த்தார். அவர் அந்தச் சிவப்புப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்துத் தூரத்தை எழுதி அனுப்பினார். தாடி கணக்குப் போட்டான். போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

"சின்னு, இந்தச் சிறகு நுனிலேந்து அந்தச் சிறகு நுனிக்கு ஒளி போகணும்னா ஒரு கோடி வருஷத்துக்கு மேல ஆகும்."

சின்னு கணக்கை வாங்கிப் பார்த்தாள். பால்வீதியை நூறு தரம் வரிசையாக அடுக்கினால் வரும் நீளம். இத்தனை பெரிய ஒன்றை இத்தனை நாள் பாதி பாதியாக வைத்துக்கொண்டு, ஒரு பாதியைத் 'தனி' என்று மூடப் பார்த்தோமே என்று நினைத்துக்கொண்டே, மூடிய சிறகுகளின் பட்டியலைத் திறந்தாள். இப்படி இன்னும் எத்தனையை மூடியிருக்கிறோமோ.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவள் சொல்லி முடித்ததும், கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஒரே இடத்துலேந்துதானே ரெண்டு பக்கமும் போவுது? அப்புறம் ஏன் ஒண்ணு பளிச்சுனு, ஒண்ணு செத்துப்போய்?"

"அதுதான் இப்ப சண்டையே. அந்தப் பக்கம் விண்வெளில இருக்கிற வாயு ரொம்ப மெல்லிசா இருக்கும், சிறகு பரவி மங்கிடுச்சுன்னு தாடி சொல்றான். எனக்கு வேற ஒண்ணு தோணுது." அவள் இரண்டு டம்ளர்களை நகர்த்தி வைத்தாள். ஒன்றைத் தன் பக்கம், ஒன்றை மேசையின் அந்தக் கோடியில். "இது சாய்வா நிக்குதுன்னு வைங்க. ஒரு சிறகு நமக்குக் கிட்ட, இன்னொண்ணு தள்ளி. தள்ளி இருக்கிறதோட ஒளி நம்மகிட்ட வந்து சேர பல லட்சம் வருஷம் கூடுதலா ஆகும். அதனால அத நாம பழைய நிலைலதான் பாக்கறோம். நடுவுல பீய்ச்சற எஞ்சின், அந்தக் கருந்துளை, எப்பவோ நின்னுபோச்சு. கிட்ட இருக்கிற சிறகுல அது தெரிஞ்சிடுச்சு, அதான் மங்கின மேகம். தள்ளி இருக்கிறதுல இன்னும் நமக்குத் தெரியல."

கணவர் டம்ளர்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒரே போட்டோல ஒருத்தருக்கே ரெண்டு வயசு."

"அதேதான்!"

"எஞ்சின் நின்னுபோச்சுன்னு யாரு பாத்தது?" என்று கேட்டார் மாமியார், தன் டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டே.

"இன்னும் யாரும் பாக்கல, அத்தை. நாளைக்குத்தான் தேடணும்."

நடுவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், உயர்ந்த அலைவரிசையில் அங்கே ஒரு கூர்மையான புள்ளி தெரிய வேண்டும். வேறொரு தொலைநோக்கி என்றோ எடுத்துப் பொதுவில் வைத்திருந்த படங்களில் அந்த இடம் இருந்தது. மறுநாள் காலை தாடியும் சின்னுவும் தோளோடு தோள் உட்கார்ந்து அதைத் திறந்தார்கள். சிவப்புப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். சுற்றிலும் அவ்வளவு கூர்மையான படம், அங்கே மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை.

சின்னு மேசையைத் தட்டினாள். "நின்னுபோச்சு!"

"நின்னுபோச்சு, ஒத்துக்கறேன்," என்றான் தாடி. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே பெரிது. அடுத்த மூச்சிலேயே, "ஆனா உன் மேகம் இவ்வளவு மங்கணும்னா உன் தாமதம் பத்தாது. ரொம்பச் சாய்ஞ்சிருந்தாத்தான் பத்தும். ரொம்பச் சாய்ஞ்சிருந்தா அதோட நெஜ நீளம் இன்னும் கூடிடும். அவ்வளவு நீளமா ஒண்ண யாராவது பாத்திருக்காங்களா?"

சின்னு கணக்கைத் திரும்பப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. "வாயு மெல்லிசுங்கறதுக்கு நீ என்ன ஆதாரம் வச்சிருக்கே?"

"ஒண்ணும் வச்சிருக்கல."

கட்டுரையில் இரண்டு காரணங்களையும் எழுதினார்கள். எதை முதலில் போடுவது என்பதில் வந்த சண்டையை மேடம்தான் தீர்த்துவைத்தார். வேறு இரண்டு அலைவரிசைகளில் மேகத்தை அளந்தால் அதன் வயது தெரியும், வயது தெரிந்தால் யார் சொன்னது நிற்கும் என்று பார்க்கலாம் என்று நேரம் கேட்டு விண்ணப்பமும் போட்டார்கள். 'தனி' என்று ஏற்கெனவே மூடிய சிறகுகளையெல்லாம் புள்ளி கழித்து மறுபடி பார்ப்பதென்று அலுவலகத்தில் முடிவாயிற்று. அந்த வேலை சின்னு தலையில் விழுந்தது. அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே இரண்டு மேகங்கள் பிடிபட்டன. ஒன்று உண்மை, மற்றது கழிக்கத் தெரியாமல் கழித்ததன் மிச்சம்.

விண்ணப்பத்துக்கு அனுமதி வந்த தகவலை மாடிப்படியில் இறங்கும்போது தாடி போனில் படித்துச் சொன்னான். சின்னு கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"தாடி, ரெண்டு பேர் சொன்னதுமே தப்பா இருந்தா?"

"இருந்தா என்ன? அப்ப அங்க என்னதான் நடக்குதுன்னு இன்னும் நல்லாத் தேடலாமே." அவன் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினான். "ஏன், உனக்கு மூணாவதா ஏதாவது தோணுதா?"

"ஒண்ணு தோணுது. ஆனா கொஞ்சம் கிறுக்குத்தனமா இருக்கும்."

"சொல்லு."

பல் மருத்துவமனை வாசலில் காத்திருந்த இரண்டு பேர், தாடையைப் பிடித்துக்கொண்டு, படியில் நின்று கையை விரித்து விரித்துப் பேசும் அந்தப் பெண்ணை வேடிக்கை பார்த்தார்கள்.